பரிசு விழுந்த பன்னிரண்டு பேர்

லாட்டரிச் சீட்டு வாங்குகிற பழக்கம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை, ஐயா. வெள்ளைக்காரன் காலத்திலும் இல்லை, ஜப்பான்காரன் காலத்திலும் இல்லை. உழைக்காமல் வருவது உடம்பில் ஒட்டாது என்று நினைக்கிற யாழ்ப்பாணத்தான் நான். பெயர் குலசேகரம். ஜார்ஜ் டவுன் துப்புரவுத் தொழிலாளர் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாகக் கிராணி, கணக்கும் கடிதமும் எழுதுகிற வேலை. வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் சீட்டு விற்கத் தொடங்கியதும் எங்கள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சனங்களுக்குப் பைத்தியம் பிடித்தது. தின்ன மரவள்ளிக் கிழங்கு, கட்டச் சாக்குத் துணி, கனவு காண ஒரு வெள்ளி விலையில் ஒரு சீட்டு. பின்னாலேயே எத்தர்களும் வந்தார்கள். பாசார்ச் சந்தையில் ஒருவன், "உனக்குப் பரிசு விழுந்திருக்கு, முத்திரைக் கூலி கட்டு" என்று ஒரு கைம்பெண்ணின் தோட்டைக் கழற்றிக்கொண்டு போகப் பார்த்தான். அவனைப் பிடித்துக் கொடுத்தவன் நான்தான். அதன் பிறகு ஞாயிறுதோறும் லயத்துக்குப் போய்ச் சொல்வேன். சீட்டே வாங்காதவனுக்குப் பரிசு விழாது. பரிசு கொடுக்கிறவன் உன்னிடம் காசு கேட்க மாட்டான். இன்றைக்கே வா, இப்போதே வா என்று அவசரப்படுத்துகிறவன் திருடன். எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் என்னிடம் காட்டு.

காட்டினார்கள். ஒன்பது கள்ளக் கடிதங்களை அவர்கள் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டிருக்கிறேன். எனக்குச் சாதகமான இந்த விஷயத்தை விட்டுவிடாதீர்கள்.

அப்போதுதான் ஜப்பான்காரன் காட்டுக்குள் போடும் சயாம் ரயில் பாதைக்கு எங்கள் அலுவலகம் பன்னிரண்டு ஆள் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. சயாமுக்குப் போனவன் திரும்புவதில்லை என்பது அதற்குள் ஊருக்கே தெரியும். ரயில் என்று காதில் விழுந்தால் ஆண்கள் மலைப் பக்கம் ஓடினார்கள். ஆள் குறைந்தால் வீடு புகுந்து பிடிப்பார்கள். என் மகன் ஐயாத்துரைக்கு இருபத்திரண்டு வயது, வேலையில்லாமல் இருந்தான். தாயில்லாப் பிள்ளை. எனக்கு வேறு என்ன வழி இருந்தது?

பரிசு விழுந்ததாகச் சொல்லும் பன்னிரண்டு கடிதங்களையும் நானே டைப் அடித்தேன். காசு கேட்கவில்லை. அவசரப்படுத்தவில்லை, பத்து நாள் தவணை கொடுத்தேன். சீட்டு வாங்கியவர்களுக்கு மட்டுமே எழுதினேன். எண்களும் பிசகவில்லை, ஏனென்றால் பத்திரமாக இருக்கட்டும் என்று அவர்கள் சீட்டுகளைக் கொடுத்து வைத்திருந்தது என் மேசை இழுப்பறையில்தான். கடலுக்கு அக்கரையில் இருக்கும் பிறை ரயில் ஸ்டேஷனுக்கு நேரில் வந்து பரிசை வாங்கிக்கொள்ளச் சொன்னேன், அவ்வளவுதான்.

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் என்னிடமே வந்தார்கள். ஒன்றிரண்டு பேர் சந்தேகப்பட்டு வராமல் இருந்திருந்தால்கூட நான் யோசித்திருப்பேன் என்று நினைக்கிறேன். வண்டிக்காரன் சுப்பையாவுக்காக அவன் மனைவி நல்லம்மாள் வந்தாள், இடுப்பில் கைக்குழந்தையோடு. வரி வரியாக வாசித்துச் சொன்னேன். ஒரு வரியில் நிறுத்தினாள்.

"பரிசு வாங்கப் போறவருக்குப் போர்வையும் மாத்துத் துணியும் எதுக்குங்க, கிராணி ஐயா?"

சயாம் மழையில் நனைவார்களே என்று இரக்கப்பட்டு நான் சேர்த்த வரி அது. பாவம் பார்த்ததற்குப் பலன், மாட்டிக்கொள்ள இருந்தேன்.

"பிறையிலை சனம் கூட்டமா இருக்கும், பிள்ளை. ரெண்டு நாள் தங்க வேண்டி வந்தாலும் வரும்."

"அவரு போவமாட்டேங்குறாருலா. சயாமுக்குப் புடிச்சிட்டுப் போயிருவான்னு பயப்படுறாரு. நீங்க சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் அனுப்பி வச்சிருறேன்."

"ஓம். சரியான கடிதம்தான்."

குழந்தைக்குப் பால் மாவு வாங்க வேண்டும் என்று சொல்லிச் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு அந்த லயத்தில் ஒருத்தி சிரிப்பதைப் பார்த்தேன்.

பத்தாம் நாள் காலை படகுத்துறையில் பன்னிரண்டு பேரும் துவைத்த துணியில் நின்றார்கள். சுப்பையா யாரிடமோ செருப்பு இரவல் வாங்கிப் போட்டிருந்தான். படகிலிருந்து எனக்குக் கும்பிடு போட்டான். நானும் மரியாதைக்குக் கையெடுத்தேன். பிறையில் ஆள் எண்ணி வண்டியில் ஏற்றிக் கதவைப் பூட்டினார்கள். சண்டை முடிந்து இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். சுப்பையா வரவில்லை.

அந்தக் கடிதங்களின் நகலை என் பெட்டியில் கண்டெடுத்தவன் ஐயாத்துரை. நேரே நல்லம்மாளிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டிவிட்டு, உங்களிடம் கொடுத்திருக்கிறான். யாருக்காக இவ்வளவும் செய்தேனோ அவனே காட்டிக்கொடுத்தான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள், எனக்கு அது நடந்தது. பிடிபட்ட நாளிலிருந்து அவன் ஒரு தடவைகூட என்னைப் பார்க்க வரவில்லை.

நல்லம்மாள் வந்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "மாட்டேன்னவர நாந்தானே ஐயா தள்ளி அனுப்புனேன்" என்றாள். "நீங்க சொன்னீங்கன்னு" என்றாள். பிறகு போய் உங்களிடம் சாட்சி சொல்லிவிட்டாள். பதினெட்டு வருடம் அவர்களுக்குக் கடிதம் வாசித்தவனுக்கு அந்த லயத்தில் ஓர் ஆள் ஆதரவில்லை.

நேற்று நீங்கள் காட்டிய ஜப்பானியத் தாளைப் பற்றிக் கேட்டீர்கள். ஆம், அது என் கைக்கு வந்ததுதான். நான் கடிதங்களைக் கொடுத்த மூன்றாம் நாள் வந்தது. ஆள் குறைந்தாலும் அலுவலக ஊழியர் குடும்பத்திலிருந்து யாரையும் எடுக்க மாட்டோம் என்று அதிகாரி கையெழுத்துப் போட்டிருந்தார். அவர்கள் படகுத்துறைக்குப் போக இன்னும் ஏழு நாள் இருந்தது. போகாதே என்று லயத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். முத்திரையைப் பார்த்தேன், கையெழுத்தைப் பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்த மாதிரி ஒரு கடிதத்தை அறையில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் டைப் அடிக்கலாம் என்று எனக்குத் தெரியும். அதனால் நம்பவில்லை. பேசாமல் இருந்துவிட்டேன்.

பன்னிரண்டு பேரையும் அனுப்பியவன் நான்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். கள்ளக் கடிதத்தை நம்பிப் போன சுப்பையாவுக்காக ஊரே அழுகிறது. நல்ல கடிதத்தை நம்ப முடியாமல் போன எனக்காக அழ ஒரு நாதி இல்லை.