பதில் சீட்டி

நான் ஒரு தும்மல் போட்டால் கடல் அரை மைல் பின்வாங்கும். கடலோரப் பறவைகள் சரணாலயத்து வாசலில் காவல் பார்த்த காலத்தில் எத்தனை கப்பல்கள் அப்படித் தரைதட்டின தெரியுமா?

"போன தடவை கால் மைலுன்னீங்க மச்சான்," என்றார் என் தங்கை வீட்டுக்காரர். மின்சாரம் போய், எல்லோரும் ஒரே மெழுகுவத்தியைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்திருந்தோம்.

"அப்படியா மாப்பிள்ளை? அப்போ உங்க கதையையே எடுத்து விடறேன்."

"அது கதை இல்லை, டூப்பு," என்று அவர் அவசரமாகத் தடுத்தார்.

அந்தி நேரம். கடலோரச் சேற்றுப் பாதை... ஆள் அரவமே இல்லை. இவரும் என் தங்கையும் காலாற நடக்கிறார்கள். பறவைகள் அடைகாக்கும் மாதம். வாய்விட்டுக் கூப்பிட்டால் தாய்ப்பறவை முட்டையை விட்டுப் பறந்துவிடும். அதனால் அங்கே முன்னால் போகிறவர் மெல்லச் சீட்டி அடிப்பார். பின்னால் வருகிறவர் பதில் சீட்டி அடிப்பார். அதுதான் வழக்கம்.

மூடுபனி இறங்கியது. மலையையே விழுங்குகிற பனி! அழுகிய பாசி நாற்றம்... கணுக்காலில் தண்ணீர். கடல் ஏறுகிறது. திரும்பிப் பார்த்தால் தங்கையைக் காணோம்.

சீட்டி அடித்தார். பதில் வந்தது... கடல் பக்கமிருந்து.

ஓடினார். பளக்... பளக்... முழங்கால் வரை சேறு. மறுபடி சீட்டி. பதில் இன்னும் உள்ளே. தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. கத்தியிருந்தால் கரையில் இருந்த எனக்குக் கேட்டிருக்கும். முட்டைகளை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டார், பாவி மனுஷன். கடைசியில் தாங்க முடியாமல் அவள் பெயரைச் சொல்லி அலறினார். ஒரு பறவைகூட எழவில்லை. பனிக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவர் கையைப் பற்றியது.

"வந்துட்டியா... விடாதே, விடாதே..." அழுதபடியே அந்தக் கையை இழுத்துக்கொண்டு, நான் ஆட்டிய விளக்கைப் பார்த்துக் கரையேறினார்.

என் பக்கத்தில் தங்கை நின்றிருந்தாள். செருப்பு அறுந்து, எப்போதோ திரும்பி வந்துவிட்டவள். உடம்பில் பொட்டு ஈரமில்லை.

அவளைப் பார்த்தார். பின்னால் நீட்டியிருந்த அவர் கை இன்னும் பனிக்குள் இருந்தது. உதறினார். தொப்பென்று ஒரு சத்தம்... அப்புறம் ஒன்றுமில்லை.

"பனிக்கட்டி மாதிரிக் கை! பிணத்தோட கை! மாப்பிள்ளை விரலெல்லாம் ஒரு வருஷம் நீலமா கிடந்துச்சு!" என்று குதூகலமாக முடித்தேன்.

"சும்மாதானே மாமா?" என்று என் மகள் அவரைக் கேட்டாள்.

மாப்பிள்ளை கையை மடியில் ஒளித்துக்கொண்டார்.

"நடந்துச்சும்மா. நான் உதற உதற அது இறுக்கிப் பிடிச்சுது... ஆனா பனிக்கட்டி மாதிரியெல்லாம் இல்லை மச்சான். வெதுவெதுன்னு இருந்துச்சு."