வலது முழங்கையில் ஒரு ஒட்டு

பனியில் படம் எடுக்கும்போது கேமராவை அப்படியே நம்பக் கூடாது சார். அத்தனை வெள்ளையைப் பார்த்ததும் அது மிரண்டுபோய் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். பனி சாம்பல் நிறத்தில் விழும். வெளிச்ச அளவை ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைத்தால் சரியாகிவிடும். மேற்குத் தாம்பரத்தில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிற வில்பிரடுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். தௌசிப்பால் தெரியும்.

தௌசிப் நாகல்கேணியில் ஒரு தோல் தொழிற்சாலையில் இருந்தான். பயிற்சிக்கென்று இத்தாலிக்கு அனுப்பினார்கள். தோல் வேலையோடு பனிச்சறுக்கும் கற்றுக்கொண்டு, சறுக்குப் பலகையைத் தோளில் சாத்தியபடி அஸ்தினாபுரத்தில் வந்து இறங்கினான். இஸ்திரி போடும் பலகையா என்று தெருவில் கேட்டார்கள்.

மொட்டை மாடியில் எனக்கும் சொல்லிக்கொடுத்தான். ஓர் உருளையின் மேல் பலகையை வைத்து, பக்கவாட்டில் நிற்க வேண்டும். அவனுக்கு வலது கால் முன்னால் வரும். "நல்ல காரியத்துக்கு வலது கால்தானே மச்சான்" என்பான். எனக்கு என்ன செய்தும் இடது கால்தான் முன்னால் வந்தது. துணி காயப்போட வந்த அவன் மனைவி ஷபீனா, நான் விழுந்த அழகைப் பார்த்து வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

எனக்கு வீடு என்று ஒன்றும் இல்லை. ஸ்டுடியோவின் பின்னறையில் படுத்துக்கொள்வேன். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் அந்த வீட்டில் சாப்பாடு. "வில்பிரட் அண்ணா, இன்னும் கொஞ்சம் போடட்டுமா" என்று என்னைக் கேட்ட ஒரே குரல் அவளுடையது. தங்கையாகத்தான் நினைத்தேன். வேறு மாதிரி எழுதிவிடாதீர்கள்.

2002 ஜனவரியில் அவனும் நானும் மணாலிக்குப் போனோம். சிவகாசியில் ஒரு காலண்டர்க்காரர் இமயமலைப் படங்கள் கேட்டிருந்தார். அவன் சறுக்க வேண்டும், நான் எடுக்க வேண்டும். வெகுதூரம் ஏறி, ஆள் நடமாட்டமில்லாத சரிவு ஒன்றைப் பிடித்தோம். வெயில் ஏறியபின் அங்கே கால் வைக்காதே, பனி பிளந்துகொண்டு மொத்தமாக இறங்கும் என்று டீக்கடைக்காரர் காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார்.

முதல் தடவை அவன் இறங்கியபோது லென்ஸ் வழியே பார்த்தேன். பலகை போன தடத்துக்கு மேலே ஒரு கோடு விழுந்தது, சுவரில் விரிசல் விடுவதுபோல. அவன் கவனிக்கவில்லை. மேலேறி வந்து பிளாஸ்கிலிருந்த டீயைக் குடித்தான். அப்போதுதான் சொன்னான்.

"இத்தாலி விசா வந்துட்சு மச்சான். ஷபீனாவையும் கூட்டினு போறேன். வூட்டை ஓனர்கிட்ட வுட்றணும்."

நல்லது என்றேன். பிறகு கல்யாண வீட்டில் சொல்வதையே சொன்னேன்: ஒன் மோர். கேமராக்காரன் சொன்னால் மாப்பிள்ளை மறுபடியும் தாலி கட்டுவதுபோல் நிற்பார்; யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

"இன்னொரு தபாவா? சரி, நீ சொன்னா சரி" என்று எழுந்தான்.

நான் அவனைத் தள்ளவில்லை.

பனி இறங்கி முடிய அதிக நேரம் ஆகவில்லை. எட்டுப் படம் எடுத்தேன். அந்த ரோலை இன்றுவரை கழுவவில்லை. பிறகு போய்த் தோண்டினேன். ஆழமில்லை. முடிந்துபோயிருந்தது. பலகையையும் அவன் சிவப்பு ஜாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு, பனியை மறுபடி போட்டு மூடினேன். ஜாக்கெட் எதற்கு என்கிறீர்கள். எனக்குக் குளிர்.

வெளிநாட்டுக்காரர்களோடு சேர்ந்து மலையிலேயே தங்கிவிட்டான் என்று ஷபீனாவிடம் சொன்னேன். செத்துப்போனான் என்றால், புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற இத்தாக் காலம் முடிந்ததும் வாணியம்பாடிக்கு, தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். ஓடிப்போனவன் என்றால் காத்திருப்பாள். போலீசுக்குப் போகலாமா என்று கேட்டாள். குடும்ப மானம் என்றேன்.

ஒவ்வொரு ஜனவரியும் அவனைத் தேடிப் பார்க்கிறேன் என்று கிளம்புவேன். ரயிலுக்குச் சப்பாத்தியும் கொத்துக்கறியும் கட்டிக்கொடுப்பாள். அங்கே போய் அந்த ஜாக்கெட்டைப் போட்டு, முகத்தைத் துணியால் மூடி, பனிக்கண்ணாடி மாட்டி, கேமராவில் பத்து விநாடி டைமரை வைத்துவிட்டுப் பலகையில் ஏறி நிற்பேன். ஜாக்கெட்டில் அவன் அத்தர் வாசனை போகவே இல்லை. அந்தப் பத்து விநாடியும் பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்கும். திரும்பிப் பார்த்ததில்லை, படம் கெட்டுவிடும்.

மணாலியில் ஒரு ஸ்டுடியோக்காரர் தன் இருட்டறையைக் கொடுத்தார். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்தால் இடம் வலமாகிவிடும். முன்னால் நிற்கிற என் இடது கால் தௌசிப்பின் வலது காலாகிவிடும். விலாசத்தை மட்டும் டைப் அடித்து ஒட்டி, ஒரு வரியும் எழுதாமல் அங்கேயே ஷபீனாவுக்குத் தபாலில் போடுவேன், கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று. கறுப்பு வெள்ளையில் படம் எழும்பி வரும்போது மருந்துத் தட்டில் அவனே நிற்பான். சந்தோஷமாக இருக்கும் சார். அவனைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

இரண்டு படம் வந்த பிறகு ஷபீனா ஜமாத்தில் விசாரித்தாள். புருஷனைப் பற்றி நாலு வருஷம் ஒரு தகவலும் இல்லையென்றால் விடுதலை கேட்கலாம் என்றார்களாம். படம் வந்தால் அது தகவல். மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

"இனிமே போட்டோ வரக் கூடாதுன்னு தினமும் துஆ கேக்கிறேன் அண்ணா" என்றாள், என் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே. "வாணியம்பாடியில ஒரு வாத்தியார், எத்தனை வருஷமானாலும் காத்திருக்கேன்னு சொல்லியிருக்காரு. எனக்கும் முப்பது ஆகப்போவுது."

கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். முன்பின் தெரியாத வாத்தியாரிடம் போய் அவள் என்ன பாடு படுவாளோ என்று நினைத்துத்தான் அந்த ஜனவரியிலும் போனேன்.

மூன்றாவது படம் வந்தபோது அவள் அழவில்லையாம். நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். தௌசிப் மணாலிக்குக் கிளம்பும் முன் ஜாக்கெட்டின் வலது முழங்கை கிழிந்திருந்தது. தொழிற்சாலைத் தோல்துண்டு ஒன்றை அவள்தான் ஒட்டுப் போட்டுத் தைத்தாள். படத்தில் அந்த ஒட்டு இடது முழங்கையில் இருந்தது. படத்தை பீரோ கண்ணாடிக்கு முன்னால் பிடித்திருக்கிறாள். கண்ணாடியில் ஒட்டு வலது கைக்கு வந்துவிட்டது. ஆனால் இடது கால் முன்னால் வந்துவிட்டது. இடது காலை முன்னால் வைத்து அந்தப் பலகையில் நின்றவன் ஒருவனை அவள் மொட்டை மாடியில் பார்த்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை எப்போதும்போலப் பரிமாறினாள். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று மட்டும் கேட்கவில்லை. "சாப்பிட்டு முடிங்க. வாசல்ல ஆள் வந்திருக்காங்க" என்றாள். நான் கையலம்பிய பிறகுதான் உங்கள் ஆட்கள் உள்ளே வந்தார்கள். அவ்வளவு நல்ல பெண்.

இவ்வளவு கவனமானவன் அந்த ஒட்டை எப்படிப் பார்க்காமல் விட்டாய் என்று கேட்கிறீர்கள். நம் முழங்கையை நாம் பார்ப்பதில்லை சார். அன்று பனியில் அவன் மேலிருந்து ஜாக்கெட்டைக் கழற்றும்போது பார்த்திருக்கலாம். இடது கை பனிக்கடியில் மாட்டியிருந்தது, அதை வெளியே எடுக்கத்தான் பாடுபட்டேன். வலது கையில் எனக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை. அவனே மடக்கி, உருவிக் கொடுத்தான்.