பதாகையில் இருக்கும் எண்

மேடையில் அமர்ந்திருக்கும் பிரிவுத் தலைவர் அவர்களே, ஆய்வகத்தின் மூத்த அறிஞர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் அண்ணன் அவர்களே, அண்ணி அவர்களே, பட்டறையிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் வேலையை நிறுத்திவிட்டு வந்திருப்பவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு மேடையில் பேச வராது. எழுதி வைத்ததைத்தான் படிக்கப்போகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கே எனக்குத் தகுதி இருக்கிறதா என்று இரண்டு நாள் யோசித்தேன். இந்த இரங்கல் கூட்டத்தில் எல்லோரையும்விட இளையவள் நான். அக்காவோடு வேலை பார்த்தது மூன்று வருடம்தான். ஆனால் அவருடைய அறைக்கதவைத் தட்டாமல் திறக்கும் உரிமை எனக்கு மட்டும் இருந்தது. அந்த உரிமையை நம்பித்தான் இங்கே நிற்கிறேன்.

கீழ்த்தளத்தின் கடைசியில் இருக்கிறது அந்த அறை. வெளியிலிருந்து எந்த அலையும் நுழைந்து அளவீட்டைக் கெடுத்துவிடக் கூடாது என்று சுவர், கூரை, தரை எல்லாவற்றையும் செம்புத் தகட்டால் மூடியிருக்கிறார்கள். சன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் கைபேசி செத்துவிடும். நம் முதுநிலை ஆய்வாளர் பதினாறு வருடம் அதற்குள்தான் வேலை பார்த்தார். அதனால்தான் நாம் அவரை 'நாட் ரீச்சபிள் அக்கா' என்று கூப்பிட்டோம். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. "நல்லதுதானே, மீட்டிங்குக்குக் கூப்பிட முடியாதுல்ல" என்பார்.

உள்ளே என்ன செய்தோம்? என் அப்பாவும் இதைத்தான் கேட்டார். அவர் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். ஒருநாள் அறைக்கு வெளியே நின்று, கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு அவரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

"கண்ணாடி நூல் வழியா வர்ற வெளிச்சத்த கரண்ட்டா மாத்துற சில்லு செய்றோம்ப்பா. அரிசியில பாதிகூட இருக்காது."

"சரி. அந்த வெளிச்சத்த யாரு அனுப்புறா?"

"பக்கத்து ரூம்ல. கரண்ட்ட வெளிச்சமா மாத்தி அனுப்புவாங்க."

"ஏண்டி, அவங்க மாத்தினத நீங்க திருப்பி மாத்துறீங்களா? ரெண்டு ரூமும் பேசி வச்சுக்கிட்டா ரெண்டு பேருக்கும் லீவு கிடைக்குமே!"

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அவ்வளவு சத்தமாகச் சிரித்து அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. மறுநாளே அந்தக் கேள்வியைத் தாளில் எழுதிச் செம்புச் சுவரில் ஒட்டிவிட்டார். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சில்லுதான் நமக்குப் பெயர் வாங்கித் தந்தது. இதோ எனக்குப் பின்னால் பதாகையில், அக்காவின் படத்துக்குக் கீழே பெரிதாகப் போட்டிருக்கிறார்கள்: நூற்றுப்பத்து கிகாஹெர்ட்ஸ். நொடிக்குப் பதினோராயிரம் கோடி முறை துடிக்கும் வெளிச்சத்தைக்கூட அது விடாமல் பிடிக்கும் என்று பொருள். எனக்கு முன்னால் பேசிய ஐந்து பேரும் அந்த எண்ணைச் சொல்லித்தான் அக்காவைப் புகழ்ந்தார்கள். அந்த எண்ணைப் பற்றி நானும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் திங்கட்கிழமையைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு மாலை அண்ணன் மூன்று முறை அழைத்தார். தொடர்பு கிடைக்கவில்லை. "லேப்ல இருப்பா, வேறெங்க போவா" என்றார் அண்ணி. திங்கள் காலை அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். கிடைக்கவில்லை. "உள்ளதான் இருப்பாங்க" என்றார்கள். பதினொரு மணிக்கு அண்ணன் வரவேற்பறைக்கு அழைத்தார். "ரூம்ல இருப்பாங்க சார், வெளிய வந்ததும் சொல்றேன்" என்று பதில் வந்தது. பத்து மணிக்கே அந்தக் கதவைத் தாண்டிப் போனவள் நான். அக்கா மும்முரமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போனேன்.

பன்னிரண்டரைக்குக் கதவைத் திறந்தேன். விளக்கு எரியவில்லை. கருவியின் விசிறிச் சத்தம் இல்லை. வெள்ளிக்கிழமை உள்ளே தள்ளிவிட்டுப் போன நாற்காலி அப்படியே இருந்தது.

ஞாயிறு காலையிலேயே, வீட்டில் தனியாக, அக்காவின் இதயம் நின்றிருந்தது. பக்கத்தில் கைபேசி சார்ஜ் தீர்ந்து கிடந்தது.

அவர் எங்கே இருப்பார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததாலேயே யாரும் தேடவில்லை! காணாமல் போனவரைத் தேடலாம். இருக்கிற இடம் தெரிந்தவரை யார் தேடுவார்கள்? ஒரு மனிதருக்கு இப்படியும் ஒரு தனிமை வருமா?

"நாலாவது தடவ கூப்பிட்டிருக்கலாம்மா" என்று அண்ணன் அன்று என்னிடம் சொன்னார். அண்ணன் அவர்களே, கதவைத் தாண்டிப் போனவள் நான். அதை நீங்கள் மட்டும் சுமக்க வேண்டாம்.

புதன்கிழமை அக்காவின் மேசையைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்த அறை எப்போதும் குளிரும். அதனால் இழுப்பறையில் கம்பளிக் காலுறை இருந்தது. பாதி தீர்ந்த தலைவலி மாத்திரை அட்டை இருந்தது. இரண்டு கரண்டிகள் இருந்தன. ஒன்று அக்காவுடையது. இன்னொன்று, நான் அடிக்கடி மறந்துவிட்டு வருவேன் என்று எனக்காக வாங்கி வைத்தது. அவற்றுக்கு அடியில் ஒரு கடிதம் இருந்தது.

நம் கட்டுரை வெளிவந்த ஆய்விதழின் ஆசிரியருக்கு அக்கா எழுதிய கடிதம். இறப்பதற்குப் பதினொரு நாள் முன்பு தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தார். சில்லின் உண்மையான அளவு நூற்றுப்பத்து இல்லை, தொண்ணூற்றொன்று, கேபிளில் ஏற்படும் இழப்பை இருமுறை ஈடுசெய்ததால் வந்த பிழை, "இந்தத் தவறு முழுக்க என்னுடையது." இதுதான் கடிதம்.

அந்தக் கட்டுரையைச் சேர்ந்து எழுதியவர்களில் பலருக்கு இது இப்போதுதான் தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், முடித்துவிடுகிறேன்.

என் அம்மா தையற்காரர். அம்மாவின் கணக்கில் சொன்னால் இது எளிது. தையலுக்கென்று ஓரத்தில் கொஞ்சம் துணி விடுவார்கள். அளவெடுத்தவரும் விட்டு, அது தெரியாமல் வெட்டுகிறவரும் விட்டால், சட்டை ஆளைவிடப் பெரிதாகிவிடும். நடந்தது இதுதான். சில்லையும் கருவியையும் இணைக்கும் ஒரு சாண் கேபிளில் கொஞ்சம் சக்தி தொலைந்துபோகும். அதைக் கருவியே கூட்டிக் கொடுத்திருந்தது. பிறகு கணினியில் இன்னொருவர் மறுபடியும் கூட்டினார்.

இரண்டு மாதம் முன்பு, சாப்பிடும்போது அக்கா கேட்டார்:

"அந்தப் பழைய ஃபைல்ல கேபிள் இழப்பைக் கூட்டினது யாரு, ஞாபகம் இருக்கா?"

"நான்தான்க்கா, வந்த புதுசுல. ஏன்க்கா, தப்பா?"

"சும்மா கேட்டேன். சாப்பாடு ஆறுது பாரு, சாப்பிடு."

அதன் பிறகு மூன்று வாரம் கதவைச் சாத்திக்கொண்டு, கேபிளை மாற்றி மாற்றித் தனியாகவே அளந்தார். என்னைக் கூப்பிடவில்லை. என்மேல் ஏதோ வருத்தம் என்று நினைத்தேன். 'ஏன்க்கா' என்று இன்னொரு முறை கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மூன்று வருடம் முன்பும் அப்படித்தான். கருவி ஏற்கெனவே கூட்டிவிட்டதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். இதுகூடத் தெரியாமலா வந்தாய் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தெரியாது என்று சொல்ல எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

கடிதத்தின் மேல் ஒரு சிறு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. அதில் அக்காவின் கையெழுத்தில், 'ஒன்றாம் தேதிக்குப் பிறகு அனுப்பவும்' என்று இருந்தது. ஒன்றாம் தேதி என்ன என்று பிரிவுத் தலைவருக்குத் தெரியும். எனக்குப் பணி நிரந்தர ஆணை வரும் நாள். அப்பா நாட்காட்டியில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

அக்கா தன் வாழ்நாளில் ஒரு எண்ணைக்கூட மறைத்தவர் இல்லை. எனக்காக, 'தவறு முழுக்க என்னுடையது' என்ற அந்த ஒரு வரியில் மட்டும் உண்மையை மறைத்திருக்கிறார். அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

தொண்ணூற்றொன்று சிறிய எண்ணா? இல்லை! ஒருவர் தனியாக உட்கார்ந்து, தன் புகழையே குறைத்துக்கொள்ளத் திரும்பத் திரும்ப அளந்து கண்ட எண் அது. அந்தத் தொண்ணூற்றொன்றிலிருந்து வேலையைத் தொடர்வோம். அந்த அறையில் இனி யார் வேலை பார்த்தாலும், காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை நாமே போய்க் கதவைத் திறந்து பார்ப்போம். இதை உங்கள் எல்லோர் முன்னிலையிலும் உறுதியாகச் சொல்கிறேன்.

கடைசியாக, வந்ததிலிருந்து சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த ஒரு வேண்டுகோள்.

பிரிவுத் தலைவர் அவர்களே, அந்தக் கடிதம் என் கையில் இருக்கிறது. அக்கா எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். அதன் கீழே, தவறு யாருடையது என்று நான் எழுதிய ஒரு பக்கத்தைச் சேர்த்திருக்கிறேன். என் பெயர் போட்டிருக்கிறேன். அனுப்புவதற்கு உங்கள் கையெழுத்து வேண்டும். ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

ஐயா, அதுவரை காத்திருக்காமல், இன்றைக்கே கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்.