முகமில்லாத தோணிக்காரன்

"முதுகை மட்டும் படமாக் கீறி வச்சா, மனிசன் எப்பிடிடா கரைக்குத் திரும்பி வாறது?"

கல்முனைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த இளைஞன்தான் இப்படிக் கேட்டான். பக்கத்தில் பிளாப்பி டிஸ்க்கை மடியில் வைத்திருந்தவன் அவனுடைய கூட்டாளி. கம்ப்யூட்டர் வகுப்பில் இருவரும் சேர்ந்து, கடலுக்குப் போய் மீன் பிடித்து வரும் ஒரு கேம் செய்கிறார்களாம்.

"நான் அப்பவே சொன்னன். கம்ப்யூட்டர்ல ஒரு புரோகிராமுக்குத்தான் இடம் இரிக்கி, கேம் ஓட வைக்கிற புரோகிராமைப் போடுவம் எண்டு. நீதான் புள்ளி புள்ளியாப் படம் கீறுறதைப் போட வச்ச."

"படம் இல்லாம எதை ஓட வைப்பாய்?"

"ஒரு சதுரப் பெட்டியை வச்சி, இதான் தோணிக்காரன் எண்டு ஓட வைப்பன். அது போகும், வரும். நீ கீறினவன் போக மட்டும்தான் செய்வான்."

"மனிசன்ட முகம் கீறுறது மார்க்கத்துக்கு ஆகாது எண்டு வாப்பா சொல்லிட்டாரு. நான் என்ன செய்ய?"

"அப்ப கீறுற புரோகிராமை என்னத்துக்குடா கேட்ட?"

"தோணி வடிவா இரிக்கிதானே."

"தோணி வடிவுதான். மனிசன்தான் கடலோட போயிட்டான்."

அவர்களுக்கு முன்னால் இருந்த பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பினாள்.

"பெட்டியோ படமோ, எதையாவது போடுங்க தம்பி. முதல்ல அந்த மனிசனைக் கரைக்குக் கொண்டு வாங்க. மறுகா சண்டை பிடிங்க."