வராதவர் சம்மதித்தவர்

நாட்டின் அயல்நாட்டு முதலீட்டு முகமையில் ஊற்றிய தேநீர் ஆறுவதற்குள் ஆட்சிக்குழுக் கூட்டம் முடிந்துவிடும். அந்தப் பெருமை என்னுடையது. நான் அதன் செயலாளர். நான் அரும்பாடுபட்டுக் கட்டிய அந்த ஒழுங்கைக் குலைக்க ஒரு விசாரணை ஆணையம் முனைந்து நிற்கிறது. நாளை அதன் கடைசி அமர்வு. பொதுமக்களே, ஓர் அநீதி நடக்கவிருக்கிறது. அருகே வந்து சாட்சியாக நில்லுங்கள். நான் குரலை உயர்த்தப் போவதில்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நியாயம் எந்தப் பக்கம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

முகமை எப்படி இயங்குகிறது என்று அறியாதவர்கள்தான் அதை ஏசுகிறார்கள். உச்சியில் ஆட்சிக்குழு, அதற்குத் தலைவர் அமைச்சர். நிலம், நீர், மின்சாரம், சுங்கம், தொழிலாளர் பாதுகாப்பு என்று ஒவ்வொரு துறையின் தலைமை அதிகாரிக்கும் அங்கே ஒரு நாற்காலி. வணிகர் சங்கத்தாருக்கும் இடம் உண்டு. குழுவுக்குக் கீழே, முதலீட்டாளரை அழைத்து வர ஒரு பிரிவு, அனுமதி வழங்க ஒரு பிரிவு, வந்தவர் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ள ஒரு பிரிவு. மேலிருப்பதையும் கீழிருப்பதையும் இணைக்கும் ஆணி செயலாளன். அவனுக்கு வாக்குரிமை இல்லை. கூட்டத்துக்கு நாள் குறிப்பவன் அவன். எதை முதலில் எடுப்பது, எதைக் கடைசியில் எடுப்பது என்று வகுப்பவன் அவன். வாக்கில்லாத ஒருவனுக்கு அது போதும்.

முன்பெல்லாம் அந்த அறை சந்தைக்கடையாக இருந்தது. அதிகாரிகள் தாம் வராமல் உதவியாளர்களை அனுப்புவார்கள். வந்தவர் எதைக் கேட்டாலும் மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்பார். மேலிடம் வாய் திறப்பதற்குள் முதலீட்டாளர் பக்கத்து நாட்டில் அடிக்கல் நாட்டியிருப்பார். இதற்கு நான் முடிவு கட்டினேன். உறுப்பினர் தாமே வர வேண்டும், பதிலாள் கூடாது என்று விதி வகுத்தேன். வராத உறுப்பினர், அன்று எடுக்கப்பட்ட எல்லா முடிவுகளுக்கும் சம்மதித்தவர் ஆவார் என்று அதற்குத் துணைவிதியும் வகுத்தேன். சோம்பேறித்தனத்துக்கு நான் வைத்த சூடு அது. பத்திரிகைகள் பாராட்டின. வேறு நாட்டு அதிகாரிகள் வந்து பார்த்து வியந்து போனார்கள்.

ஒருவர் மட்டும் முகம் சுளித்தார். தொழிலாளர் பாதுகாப்புத் துறையின் தலைமை அதிகாரியான ஓர் அம்மையார். குழுவினர் அவர் முதுகுக்குப் பின்னால் அவரை முட்டுக்கட்டை என்பார்கள். முகமையின் ஓட்டுநர்கூட ஒருமுறை என்னிடம் அலுத்துக்கொண்டார்.

"ஐயா, அந்தம்மா வண்டியில ஏறுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு டயரையும் குனிஞ்சு பாக்குறாங்க. அப்புறம் என்னையும் மேலயும் கீழயும் பாக்குறாங்க. எனக்கும் காத்து எறங்கியிருக்கான்னு பாக்குறாங்களோ என்னவோ."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் எனக்கு அவரைப் பிடிக்கும். என்னை அண்ணே என்றுதான் அழைப்பார். நானும் கூடப்பிறந்தவளைப்போலவே நடத்தினேன். இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. என் விதி நிறைவேறிய அன்று அவர் வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

"அண்ணே, வராதவங்க வேணாம்னு சொன்னதா வச்சுக்கலாமே. ஏன் சரின்னு வச்சுக்கணும்?"

"அப்படி வச்சா ஒரு வேலையும் நடக்காதும்மா."

"நடக்கக் கூடாத வேலையும் இருக்கே, அண்ணே."

அவர் பேச்சில் எப்போதும் இப்படி ஒரு கொக்கி இருக்கும்.

பிறகு ஓர் அயல்நாட்டு மெத்தை நிறுவனம் வந்தது. எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய வழிசெய்யும் முதலீடு. கட்டடத்தின் தரைத்தளத்தில் நுரைப்பஞ்சுக் கிடங்கு. அதற்கு நேர் மேலே பெண் தொழிலாளர் விடுதி. இரவுப் பணி முடித்த பெண்கள் பகலில் அங்கே உறங்குவார்கள். பகலில் ஊர்சுற்றப் போனால் இரவில் இயந்திரத்தின் முன் தூங்கி வழிவார்கள் என்பதால், விடுதிக் கதவை வெளியிலிருந்து பூட்டிவைப்பது அந்த நிறுவனத்தின் நடைமுறை. நான் நேரில் சென்று பார்த்தேன். ஒற்றைப் படிக்கட்டு, சன்னல்களுக்கு இரும்புக் கம்பி, சாவி வாயிற்காவலரின் இடுப்பில். படுக்கைகள் சுத்தமாக இருந்தன.

அம்மையார் இதற்குத் தலையசைக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். இன்னொரு படிக்கட்டு கேட்பார். பூட்டு கூடாது என்பார். நிறுவனத்தின் பிரதிநிதியிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவர் புன்னகைத்தார். இன்னொரு படிக்கட்டு வேண்டுமென்றால் இன்னொரு நாட்டைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார். நாட்டின் எதிர்காலம் ஒரு படிக்கட்டில் தொங்கும்போது பொறுப்புள்ளவன் என்ன செய்வான்?

நான் யாரையும் மிரட்டியவன் அல்லன். யாருக்கும் கையூட்டுக் கொடுத்தவன் அல்லன். உதவி செய்தேன், அவ்வளவுதான். அம்மையாரின் கணவருக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. பொது மருத்துவமனையில் முறைக்காகக் காத்துக் கிடந்தார்கள். அங்கே தலைமை மருத்துவர் எனக்கு வேண்டியவர். ஒரு வார்த்தை சொன்னேன், நாள் கிடைத்தது. அந்த நாள் உறுதியான பிறகு, ஆட்சிக்குழுக் கூட்டத்துக்கும் அதே நாளைக் குறித்தேன். அம்மையார் தொலைபேசியில் அழுதார்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலண்ணே. ஆனா அன்னைக்குக் கூட்டமாச்சே. அந்த மெத்தைக் கம்பெனி விடுதி எடுக்குறாங்களா? எடுத்தா சொல்லுங்க, அவர் தங்கச்சிய ஆஸ்பத்திரியில ஒக்கார வச்சுட்டு ஓடி வந்துடுறேன்."

"இந்தக் கூட்டத்துல அது இல்லம்மா. நீ மனசக் கலங்க விடாம அவர் பக்கத்துல இரு."

நான் பொய் சொல்லவில்லை. அப்போது நிகழ்ச்சி நிரலில் அது இல்லை. ஒவ்வொரு நிகழ்ச்சி நிரலின் அடியிலும், 'தலைவரின் அனுமதியோடு பிற பொருள்கள்' என்று ஒரு வரி இருக்கும். விதி திறந்துவைத்த வழி அது. அந்த வழியே விடுதியைக் கொண்டுவந்தேன். மறுப்பு ஏதும் உண்டா என்று அமைச்சர் வழக்கம்போலக் கேட்டார். வணிகர் சங்கத்துக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மையாரின் நாற்காலி காலியாக இருந்தது, ஆகவே சம்மதித்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மருத்துவமனையிலும் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஒரே நாளில் இரண்டு நல்ல காரியங்கள் என்று அன்று என் மனைவியிடம் சொன்னேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நண்பகலில் கிடங்கு பற்றிக்கொண்டது. நுரைப்பஞ்சின் புகை கரியது, கனமானது. படிக்கட்டின் வழியேதான் மேலே ஏறும், அதற்கும் வேறு வழியில்லை. காவலர் சாவியோடு உணவு உண்ணப் போயிருந்தார். இறந்த பெண்களில் பலருக்குத் தீக்காயமே இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். இதை ஓர் ஆறுதலாகவே குறிப்பிடுகிறேன்.

நாடு யாரையாவது குற்றவாளிக் கூண்டில் ஏற்றியாக வேண்டியிருந்தது. பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் பாதுகாப்பற்ற விடுதிக்குச் சம்மதித்திருக்கிறார் என்று அம்மையாரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஆணையம் அவர்மீது குற்றம் உறுதி என்று அறிக்கை தந்தால் அவருக்குச் சிறை. அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, இந்தக் கூட்டத்துல இல்லன்னு நீங்க சொன்னீங்களா இல்லையா? அதை மட்டும் ஆணையத்துல சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"அப்ப நிகழ்ச்சி நிரல்ல இல்லம்மா. அதுதானே உண்மை."

"மயக்கம் தெளிஞ்சதும் அவர் மொதல்ல உங்களத்தான் கேட்டாரு. அண்ணன கும்பிட்டேன்னு சொல்லுன்னாரு." கதவுப் பக்கம் திரும்பினார். "அவர் முகத்த நான் இனிமே எப்படிண்ணே பாக்குறது? அவரக் காப்பாத்துறதுக்காக அத்தனை பொண்ணுங்கள வித்துட்டு வந்த மாதிரி இருக்கு."

அவருக்காக நான் வருந்தினேன். ஆயினும் எண்ணிப்பாருங்கள். வராதவர் சம்மதிக்கவில்லை என்று ஆணையம் சொல்லிவிட்டால், முகமை தொடங்கிய நாள்முதல் யாரோ ஒருவர் வராமல் நிறைவேறிய ஒவ்வோர் அனுமதியும் கேள்விக்குள்ளாகும். ஆலைகள், துறைமுகம், சுரங்கங்கள் அத்தனையும் ஆட்டம் காணும். ஒரு நல்ல பெண்ணின் பெயரா, ஒரு நாட்டின் நம்பகமா? என்னைக் கல்நெஞ்சன் என்பவர்கள் இந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டு ஏசட்டும்.

ஒன்று மட்டும் பாக்கி. நான் சொல்லாவிட்டாலும் நாளை அது வெளிவரும். என் தம்பி மகள் சாட்சி சொல்லப் போகிறாள்.

அந்தத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை வாங்கித் தந்தவன் நான். அவளுக்கு இரவுப் பணி. ஆனால் விடுதியில் தங்கக் கூடாது, என் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவள் முனகினாள்.

"பெரியப்பா, எல்லாரும் அங்கதான் படுக்குறாங்க. நான் மட்டும் தூக்கக் கலக்கத்துல பஸ் புடிச்சு வரேன். மகாராணி அரண்மனைக்குக் கெளம்பிட்டாங்கன்னு கிண்டல் பண்றாளுங்க."

"பெரியம்மா பகல்ல தனியா இருக்கா. அவளுக்குத் துணை வேணும்."

தீப்பிடித்த நேரத்தில் அவள் என் வீட்டு முன்னறையில் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு உறங்கிக்கொண்டிருந்தாள். மதிய உணவுக்கு வீட்டுக்கு வந்திருந்த நான், சத்தம் போடாதே, குழந்தை தூங்குகிறாள் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் வானொலியை வைத்தேன். பிறகு ஒரு காலையில் என் எதிரே வந்து நின்றாள்.

"பெரியம்மாவக் கேட்டேன். துணை வேணும்னு அவங்க சொல்லவே இல்லையாம்."

நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

"உங்களுக்குத் தெரியும். இல்ல, பெரியப்பா?"

"சாப்பிட்டுப் போய்ப் படும்மா."

அவள் சாப்பிடவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு அம்மையாரின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆம், எனக்குத் தெரியும். பஞ்சு எங்கே இருக்கிறது, பூட்டு எந்தப் பக்கம் தொங்குகிறது, சாவி யாரிடம் என்பதெல்லாம் தெரியும். தீப்பிடித்தால் மேலே உள்ளவர்கள் பிழைக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். தெரிந்துதான் அம்மையாரை அப்புறப்படுத்தினேன். தெரிந்துதான் அந்த விடுதிக்கு அனுமதி வாங்கினேன். மற்றப் பெண்களை ஏன் அழைத்து வரவில்லை என்று கேட்கிறார்கள். நாட்டுக்கு உழைப்பவன் எல்லாரையும் தன் வீட்டு முன்னறையில் படுக்க வைக்க முடியாது. தன்னால் முடிந்ததைச் செய்கிறான்.

ஆகவே, பொதுமக்களே, வீட்டுக்குள் முடங்கிக் கிடக்காதீர்கள். நாளைக் காலை ஆணையத்தின் வாயிலில் திரளுங்கள். முகமையின் விதியில் கை வைக்காதே என்று முழங்குங்கள். அம்மையாரின்மீது குற்றம் உறுதி என்று அறிக்கை தரச் சொல்லுங்கள். செயலாளனுக்கு மனிதர்மீது அக்கறை உண்டா என்று எவரேனும் கேட்டால், சாட்சிக் கூண்டில் நிற்கும் என் தம்பி மகளைக் காட்டுங்கள். அவள் உயிரோடு நின்று பேசுகிறாளே, நான் நல்லவன் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று என்ன வேண்டும்? அந்தச் சான்றை ஏற்கும்படி கேளுங்கள்; அவர்கள் ஏற்கும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.