கடலை விதைக்கு ஒரு கவசம்

உழுதவர் உழைப்பின் உயரம் அறிந்து இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் உழவர் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, மண்ணைத் தொட்டே மழையின் அளவைச் சொல்லிவிடும் பெரியோர்களே, அடுப்பையும் வயலையும் ஒருசேரக் காக்கும் தாய்மார்களே, இடமின்றிச் சன்னலோரம் நிற்கும் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

விதை நேர்த்தி பற்றிப் பேசச் சொன்னார்கள். விளக்கம் சொல்ல விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். நான் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் கணவரும் அவருடைய அண்ணனும் பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள். எங்கள் நிலக்கடலையைத்தான் அண்ணன் விதைக்கு எடுத்துப் போனார். பாதிதான் முளைத்தது. முளைத்த பாதியும் கழுத்துக் கறுத்து, தலை கவிழ்ந்து, தரையோடு தரையாகச் சாய்ந்தது. வரப்பில் நின்று அவர் என் கணவரிடம் சொன்னார்: "சொத்தையைத் தூக்கி என் தலையில கட்டிட்டியேடா."

அன்றோடு பேச்சு நின்றது. ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சுகிறவர்கள், எதிரெதிரே வந்தால் வானத்தைப் பார்த்தார்கள். மழை வருமா என்று பார்த்தார்களா? முகம் பார்க்க மனமில்லாமல் பார்த்தார்கள்.

ஓரகத்திகள் நாங்கள் பேச்சை நிறுத்தவில்லை. யார் அந்த ஓரகத்தி என்கிறீர்களா? முன்வரிசையில் வாயைப் பொத்திச் சிரிக்கிறாரே, அண்ணனின் மனைவி, அவர்தான் என் அக்கா. மீந்த விதையோடு என் அடுப்படிக்கு வந்தார். "சொத்தையா இல்லையான்னு நாமளே பாத்துடலாம். இந்த மூஞ்சித் தூக்கலுக்கு ஒரு முடிவு வேணும்ல" என்றார். கடலையை ஈரத்துணியில் சுருட்டி வைத்தோம். சில நாள் கழித்துப் பிரித்தால், ஏறக்குறைய எல்லாமே முளைவிட்டிருந்தன.

விதை பொய்க்கவில்லை. பிறகு பொய்த்தது எது? நாங்கள் அழைத்து வந்த வேளாண் அலுவலர் அம்மா, சாய்ந்த செடியைப் பிடுங்கிப் பார்த்தார். "மண்ணுல அழுகல் பூஞ்சணம் இருக்கு. விதையை வெறும் உடம்போட அனுப்பாதீங்க. அதை எதிர்க்கிற நல்ல பூஞ்சணத் தூள் இருக்கு, பூசி அனுப்புங்க" என்றார்.

மிச்ச விதையில் ஆறிய கஞ்சியைத் தெளித்து, தூளைத் தூவினோம். அக்கா என் கையைத் தட்டினார். "மெதுவாப் புரட்டு. தோலு உரிஞ்சா முளை போச்சு."

அக்கா வீட்டுத் திண்ணை நிழலில் உலர்ந்த விதையைப் பார்த்து அண்ணன் கேட்டார்: "செத்த விதைக்கு எதுக்கு ஒப்பனை?"

"செத்ததான்னு அந்தத் துணியைப் பிரிச்சுப் பாருங்க" என்றார் அக்கா.

பார்த்தார். முளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். விதைக்கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வயலுக்கு நடந்தார்.

முளைத்தது, அவையோரே. வரிசை பிசகாமல் முளைத்தது, வேர்பிடித்து நின்றது, மழை ஏமாற்றிய வாரங்களிலும் மடங்காமல் நின்றது.

அடுத்த விதைப்பன்று காலையில் அண்ணன் எங்கள் வாசலில் நின்றார். விரலெல்லாம் தூள். "உன் வயலுக்கும் சேத்துக் கலந்துட்டேன். வெயில் ஏறுறதுக்குள்ள வா, போட்டுடலாம்."

"இதோ வரேண்ணே" என்றார் என் கணவர். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல்லை இருவருமே தேடவில்லை. வயலுக்குப் போகும் வழியெல்லாம் பேசிக்கொண்டே போனார்கள்.

அன்பர்களே, விதை நம்மிடம் என்ன கேட்கிறது? மாளிகையா, மகுடமா? கைப்பிடித் தூளும் கொஞ்சம் நிழலும் கனிவான கையும் கேட்கிறது. இருட்டுக்குள் தனியே இறங்கப்போகும் உயிர் அது. அதை வெறுங்கையோடு வழியனுப்பலாமா? பூசி அனுப்புங்கள், பொறுமையோடு அனுப்புங்கள், பூமி உங்களுக்குப் பச்சையால் பதில் சொல்லும்.

இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்களுக்கும், பேச வாய்ப்பளித்த சங்கத்தாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் வயல்கள் வரிசை குறையாமல் முளைக்கட்டும். வணக்கம்.