முதலில் சிங்கம்

வேலை தேடி அலைந்த நாட்களில், சாவகச்சேரி தாண்டி ஓடிய ரயிலில் இடமில்லாமல் தரையில் குந்தியிருந்தேன். அருகே இந்தியாவுக்குப் புறப்பட்ட ஒருவர் மனைவியிடம், "சென்னைப்பட்டணத்திலை முதல் சிங்கம். பிறகுதான் கண் ஆசுப்பத்திரி," என்றார்.

"கண்ணிலை கத்தி வைக்க முதல் கோயிலுக்கெல்லோ போகவேணும்? சிங்கத்தைச் சுகமான பிறகு பாருங்கோவன்."

"சுகம் வரும். வராட்டி? இவ்வளவு காலமும் படத்திலைதான் பாத்தனான். மிருகக்காட்சிச்சாலைக்கு முதல் போவம்."

"சுவாமியை விடச் சிங்கம் பெரிசோ உங்களுக்கு?"

"சுவாமி கண்ணை மூடினாலும் தெரிவார், இஞ்சாரும். சிங்கம் தெரியாது."

அந்த அம்மா சொன்னார்:

"ஓம், முதல் சிங்கம். ஆனா அதுக்கு இறைச்சி போட முதல் நாங்கள் வெளியிலை வந்திடவேணும். நான் கந்தசட்டி விரதம்."